கிருபையும் பந்தியும்

தமிழ்ச் சபைகளில் இப்போது கிருபைக்கு நல்ல மவுசு. கன்வென்ஷன் பந்தலிலும் யூடியூப் பிரசங்கத்திலும் ஒருவரை மட்டம் தட்ட வேண்டுமானால் 'நியாயப்பிரமாணப் போதகர்' என்று சொன்னால் போதும். சட்டதிட்டங்களில் சிக்காமல் கிருபையால் வாழ்ந்தவர் என்று காட்டக் கிருபைப் போதகர்களுக்குக் கைகொடுக்கிறவர்களில் ஒருவர் பண்டித ரமாபாய்.

பொருத்தமான ஆள்தான். புனே மாவட்டத்தில், தவுண்ட் தாலுகாவில், கேட்காவில் அவர் தொடங்கிய முக்தி மிஷன் இன்றும் நடக்கிறது. 1883-இல் இங்கிலாந்தில், வாண்டேஜ் மடத்துச் சகோதரிகளோடு தங்கியிருந்தபோது ஞானஸ்நானம் பெற்றார். அவர் சைவ உணவை விடாததைச் சாதிப் பெருமையின் மிச்சமாகவே பார்த்தார் அந்த மடத்துச் சகோதரி ஜெரால்டின். ரமாபாய் அசையவில்லை. தனக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மதம்தான், கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை என்பது எட்டு ஆண்டுக்குப் பிறகே உறைத்ததாகப் பிற்பாடு எழுதினார்.

கிருபைப் போதகர்கள் செய்த நன்மையை மறைக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானத்துக்கு வந்த பெண்ணிடம் கம்மலைக் கழற்று, மூக்குத்தியைக் கழற்று, தாலியையும் கழற்று என்ற சபைகள் நம்மிடம் உண்டு. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் விசுவாசக் குறைவு என்று மிரட்டியவையும் உண்டு. அந்தப் பயத்திலிருந்து பலரை இவர்கள் விடுவித்தார்கள். நல்லது.

என் குறை பழையது. இவர்கள் தளர்த்துவதெல்லாம் நகை, சினிமா, உபவாசம் போன்ற சில்லறைச் சட்டங்கள். தமிழ்ச் சபையில் இம்மியும் பிசகாமல் கைக்கொள்ளப்படும் சட்டம் சாதி. கிருபைப் பிரசங்கத்தில் அதைப் பற்றி மூச்சு இல்லை. கிறிஸ்தவ வீட்டார் கொடுக்கும் 'மணமகள் தேவை' விளம்பரத்தைப் பாருங்கள். பெண் இரட்சிக்கப்பட்டிருக்க வேண்டும், அபிஷேகம் பெற்றிருக்க வேண்டும், சொந்தச் சாதியாகவும் இருக்க வேண்டும். முதல் இரண்டில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பேசிக்கொள்ளலாம்.

மறதி என்று இதை விட்டுவிட முடியாது. இவர்கள் எப்போதும் கையில் எடுக்கும் கலாத்தியர் நிருபத்திலேயே தகராறு ஒரு பந்தியில்தான் வருகிறது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் நழுவிக்கொண்டார். பர்னபாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். பவுல் எல்லாருக்கும் முன்னால் பேதுருவின் முகத்துக்கு நேரே கேட்டார். விசுவாசத்தால் நீதிமானாவது என்ற போதனை அந்த நிருபத்தில் இந்தச் சண்டையை ஒட்டித்தான் வருகிறது. யாரோடு உண்பது என்ற கேள்வியை உருவி எடுத்துவிட்டுப் போதனையை மட்டும் பரிமாறுகிறார்கள்.

"கிருபை உள்ளத்தை மாற்றும், உள்ளம் மாறினால் சாதி தானாகப் போகும்" என்பது வழக்கமான பதில். மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-இல். முந்நூறு ஆண்டு தாண்டியும் தானாகப் போகவில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கத்தோலிக்கர் பக்கமும் கதை வேறல்ல. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித்துகளைப் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மூண்ட மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். நற்கருணை வாங்கும் கைகள்தாம் எல்லாம்.

ரமாபாயிடமும் இவர்கள் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 1889-இல் அவர் தொடங்கிய சாரதா சதன் பெரும்பாலும் உயர்சாதி விதவைகளுக்கானது. எட்டாண்டுத் தவிப்பு தீர்ந்தபின், 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்குப் போய், சாதி பாராமல் நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து வந்தார். அவர் கண்ட கிருபைதான் இதைச் செய்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நடந்த வரிசை அது. மேடையில் சாட்சி சொல்லும்போது இந்தப் பிற்பாதி மட்டும் விழுந்துவிடுகிறது.

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கன்வென்ஷனில் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் பதினோராம் வசனத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் சபைக் கல்லறையில் யாருக்கு எந்த மூலை என்பதையும் அதே மேடையில் சொல்லுங்கள்.