விழாத ரேகையும் வரைந்த புண்ணும்

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் இருக்கும் அருள்புரத்தில், சாயப்பட்டறைகளுக்கென்று ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, அங்கே தண்ணீருக்குச் சொட்டுச் சொட்டாகக் கணக்கு வந்தது. ஆனால் காஸ்டிக் சோடாவிலும் பெராக்சைடிலும் சாயத்திலும் ஊறுகிற கைகளைப் பற்றிக் கேட்பார் குறைவு. ரேஷன் கடை மெஷினில் வைக்கும்போதுதான் அந்தக் கைகளின் நிலை தெரியவருகிறது: “ரேகை விழல, வேற விரல் வைங்க.”

விழாத ரேகையை ஆராயக் கணினித் துறை கண்டுபிடித்த வழி விசித்திரமானது. யாருடையதும் அல்லாத கைரேகை ஒன்றைக் கணினியில் உருவாக்கி, அதன்மேல் தோல்நோயை வரைந்து பார்ப்பது.

செயற்கை ரேகை புதிதல்ல. இத்தாலியின் போலோக்னா பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘எஸ்ஃபின்ஜி’ என்ற மென்பொருளின் ரேகைகள் 2000ஆம் ஆண்டிலேயே ஒரு சர்வதேசக் கைரேகை மென்பொருள் போட்டியில் பயன்பட்டன. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ‘அங்குலி’ பிறந்தது. அதில் ரேகையின் மேல் கீறலும் இரைச்சலும் சேர்க்கலாம். தோல்நோயை இதற்குள் இழுத்து வந்ததில் செக் நாட்டின் ப்ர்னோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அங்குள்ள ஆய்வாளர் மார்ட்டின் டிரஹான்ஸ்கியும் மருத்துவர்களும் சேர்ந்து, தோல்நோய்கள் கைரேகை அறிதலை எப்படிக் கெடுக்கின்றன என்று 2012இல் எழுதினார்கள். நோயாளிகளின் ரேகைகளைப் பார்த்து, எக்ஸிமா எப்படிக் கோடிழுக்கும், சொரியாசிஸ் எப்படித் திட்டுப்போடும், மரு எப்படி வட்டமாக உட்காரும் என்று தெரிந்துகொண்டால், அவற்றை நல்ல ரேகையின்மேல் வரைய முடியும்.

கைரேகை மெஷின் தேடுவது கோடு முடியும் இடத்தையும் இரண்டாகப் பிரியும் இடத்தையும்தான். நிட்டிங் மெஷினில் ஊசி கெட்டால் துணி நெடுக நீடில் லைன் விழுமே, அப்படித்தான் வறண்டு வெடித்த தோல் ரேகைக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் இழுக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் வரிகளை அறுத்து, இல்லாத முடிவுகளைக் காட்டுகிறது. மெஷினுக்கு இது வேறொரு ஆளின் விரல்.

இந்தச் செயற்கை வழியின் பலம் எதில் இருக்கிறது? படங்கள் மலிவாகக் கிடைப்பதைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு அது சிறிய லாபமாகவே படுகிறது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது விரல் ஏற்கெனவே கெட்டிருக்கும். கெடுவதற்கு முந்தைய ரேகை ஆய்வாளர் கையில் இருக்காது. செயற்கை ரேகையில் முன்னும் பின்னும் இரண்டும் உண்டு. எந்தப் புள்ளி உண்மை, எந்தப் புள்ளி வெடிப்பு போட்ட பொய் என்று அச்சொட்டாகச் சொல்லலாம். யாருடைய அந்தரங்கமும் கலைவதில்லை. 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் கைரேகைத் தரவை எவரோடும் பகிரக்கூடாது என்கிறது. அந்தக் கைரேகைக் களஞ்சியம் ஆய்வாளருக்குத் திறக்காது, திறக்கவும் கூடாது. ஆகவே இந்த வரைந்த புண்ணுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் வரைகிறவருக்குத் தெரிந்த புண்ணைத்தான் வரைய முடியும். சில மருத்துவமனைகளுக்கு வந்த ஐரோப்பிய நோயாளிகளின் விரல்களே மாதிரி என்றால், பிளீச்சிங் பட்டறைக் கை அந்தப் பட்டியலில் எங்கே வரும்? வரைந்த எக்ஸிமாவைக் காட்டிப் பழக்கிய மென்பொருள், எக்ஸிமாவைக் கற்றதா, வரைந்தவரின் கைப்பழக்கத்தைக் கற்றதா என்பதும் உண்மையான விரல்களில் சோதிக்கும்வரை தெரியாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரு தனி ரேகையை எடுத்து அதைக் கெடுக்கின்றன. நோய் விரலில் விழுந்த கறையாகிவிடுகிறது. சாயத்தொட்டியில் நனைவதோ பத்து விரலும். “வேற விரல் வைங்க” என்ற யோசனையின் அடியில், ஒன்று கெட்டாலும் இன்னொன்று நன்றாயிருக்கும் என்ற எண்ணம் இருக்கிறது. தொழிலால் வரும் தோல் அழற்சி அந்த எண்ணத்தையே உடைக்கிறது. விரலுக்கு விரல் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கி நோயை வரையும் மென்பொருள், மெஷின் தோற்கும் வாய்ப்பை உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும்.

காலமும் இந்த மென்பொருள்களில் இல்லை. தீபாவளிக்குப் பட்டறை அடைத்து ஊர் காலியாகும் நாட்களில் தோல் ஆறும். அப்போது ஆதாருக்கு வைத்த ரேகை, ஆர்டர் நெருக்கும் மாதத்தில் அதே ஆளை அடையாளம் காட்டாமல் போகலாம். பதிவின்போதே கை புண்ணாக இருந்திருந்தால் கதை தலைகீழ்: ஆறிய கைதான் அந்நியமாகிவிடும். செயற்கை ரேகை மாதிரியிலோ பதிவு செய்த விரல் பெரும்பாலும் சுத்தமானது.

இதையெல்லாம் கருவிழி தீர்த்துவிடும், ஓடிபி தீர்த்துவிடும் என்பார்கள். தீர்க்கும், மாற்றுவழி கடை மேசையில் இருந்தால். ரேகை விழாததால் பயன்கள் மறுக்கப்படக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018இன் ஆதார் தீர்ப்பிலேயே பேசிவிட்டது. ஆனால் மாற்றுவழி எத்தனை பேருக்குத் தேவை என்று கணக்கிட இறங்கினால், மறுபடி ஒரு மாதிரி வேண்டும். பத்து விரலையும் ஒரே கையாகப் பார்த்து, வேலைநாளும் விடுப்பும் சேர்த்து வரைகிற மாதிரி. அதற்கு முதலில் வேண்டியது கணினி அல்ல: சம்மதம் கேட்டு, தீபாவளி விடுப்புக்கு முன்னும் பின்னும், துணிக்குச் சாயமேற்றும் விஞ்ச் மெஷினில் நிற்கிறவர்களின் பத்து விரலையும் பதிவது. கூடவே ஒரு தோல் மருத்துவரும் வந்தால் நல்லது. ரேகையை எடுத்துக்கொண்டு புண்ணை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.