நன்னூலும் ஆசிரியன் மெய்ப்பாடும்

நல்லாசிரியன் இலக்கணம் யாதென வினவுவார்க்கு நன்னூற் பொதுப்பாயிரத்தை எடுத்துக்காட்டுதல் தமிழாசிரியரிடை நெடுநாள் வழக்கு. 13 ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூல், பாடஞ் சொல்லும் முறையைக் கூறுமிடத்து, ஆசிரியன் காலமும் இடமும் நோக்கித் தக்கதோரிடத்தில் அமர்ந்து, தெய்வத்தை வாழ்த்தி, சொல்லப்புகும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, அவசரமும் சினமுமின்றி, விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும் உரைத்தல் வேண்டுமென விதிக்கின்றது. இவற்றுள் உடம்பைப் பற்றியன அமர்தலும் முகமலர்ச்சியுமே. குரலை ஏற்றியிறக்குதலும் கையசைத்தலும் வகுப்பினுள்ளே நடமாடுதலும் கூத்தர்க்குரியன, புலமைக்கு வேண்டாதன என்பார் இவ்விதியையே தமக்குத் துணையாகக் கொள்வர். நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்ட ஆறுமுக நாவலரே 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கஞ் செய்யத் தொடங்கி, அடுத்த ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்.

பவணந்தியார் கருதிய பாடம், அணித்தே அமர்ந்த சில மாணாக்கர்க்கு ஒரு நூலைப் பன்முறை கேட்பித்தலாகும். அங்கே முகமலர்ச்சி ஒன்றே போதியது. நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையிற் கடைசி வாங்கில் இருப்பவனுக்கு அம்முகமலர்ச்சி தெரிவதேயில்லை.

எனினும், ஆசிரியராகார்க்கு அந்நூல் காட்டும் உவமைகளை ஊன்றி நோக்கினால் வேறோர் உண்மை புலனாகும். கழற்காய் பெய்த குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் இட்ட முறையில் வாரா. முறைமாறி ஒருங்கே கொட்டும். நிறுத்தமும் நிதானமுமின்றி ஒரே மூச்சிற் பாடத்தை ஒப்பிக்கும் குரலுக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. மடற்பனையோ, பழத்தைத் தானாக உதிர்த்தாலன்றிக் கிட்டச் சென்று கொள்வார்க்கு இடங்கொடாது. கருக்குமட்டையின் கூர்மையை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டுவதில்லை. கைகளைக் கட்டி, புருவத்தை நெரித்து, மேசைக்குப் பின்னே நிற்கும் ஆசிரியனிடம் ஐயம் வினவ எவன் எழுவான்? பருத்தி அடைத்த குண்டிகை உள்ளதைச் சிறிது சிறிதாகவே, அதுவும் வருந்தியே தரும். வாய்க்குள்ளேயே மடங்கும் குரல் அத்தகையது. ஒருவன் நீரூற்ற அயலான் வளவிற் காய் உதிர்க்கும் முடத்தெங்கை உரைகாரர் ஓரஞ்செய்தலுக்குக் காட்டுவர். வகுப்பு முழுவதும் செவிசாய்த்திருக்க, முன்வரிசையில் இருவரை மாத்திரம் நோக்கிப் பேசும் கண்களுக்கும் அதனைப் பொருத்திக் காண இடமுண்டு. ஆகவே குணக்குற்றங்களாக எண்ணப்பட்ட இந்நான்கும் பெரும்பாலும் குரலிலும் மெய்யிலும் வெளிப்படும் குற்றங்களே.

குரலின் பயன் இலக்கணப் பாடத்திலேயே உண்டு. எடுத்தல், படுத்தல், நலிதல் என ஓசையை வேறுபடுத்திய நம்முன்னோர், ஒரு சொல்லே ஓசையாற் பொருள் வேறுபடுதலையும் உணர்ந்திருந்தனர். 'அவன் வந்தான்' என்புழி வினைமுற்று. 'வந்தான் போயினான்' என்புழி முதற்சொல் படுத்தலோசையால் வினையாலணையும் பெயராகும். இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் இரண்டும் ஒன்றே. வாயாற் சொல்லிக் காட்டினாலன்றி மாணாக்கன் வேற்றுமையை உணரான். அதனையும் ஒரே தொனியிற் படித்துவிட்டு வாய்பாட்டை மனனஞ் செய்யச் சொல்வது பாடமாகாது.

நன்னூலிற் குறை காணவேண்டின், அது மாணாக்கன் இலக்கணத்திலே உள்ளது. கொள்வோன் எவ்வாறு கொள்கிறான் என்பதை அறிந்து கொடுக்குமாறு ஆசிரியனைப் பணித்த நூல், அக்கொள்வோனையோ ஓவியப்பாவை போல் அடங்கியிருக்குமாறு பணிக்கின்றது. பாவையின் உள்ளத்தை எங்ஙனம் அறிவது? ஆர்வத்தால் வந்த அசைவின்மையும் உறக்கத்தால் வந்த அசைவின்மையும் தூரத்தே ஒன்றாகவே தோன்றும். நன்னூல் கூறாது விட்ட இதனைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நிரப்புகின்றது. உள்ளத்து நிகழ்ச்சி உடம்பிற் புலப்படுதலே மெய்ப்பாடு. அதுவும் கண்ணாலும் செவியாலும் நுணுகி உணர வல்லார்க்கே விளங்கும் என அவ்வியல் முடிவிற் கூறப்படுகின்றது. நகை முதலிய எட்டினையும் செய்யுட்குரியனவாக மட்டும் கற்பித்துவிட்டு, எதிரே இருக்கும் பிள்ளையின் முகத்தில் மருட்கையைக் காணாது செல்லும் ஆசிரியன் அவ்வியலைப் பாதியே கற்றவனாவான்.

உள்ளத்தே நிகழாததை உடம்பிற் காட்டுவது மெய்ப்பாடன்று என்பதும் இதனாற் பெறப்படும். ஓயாது உலாவும் ஆசிரியனின் கால்களைப் பிள்ளைகளின் கண்கள் பின்தொடரும், செவிகள் தொடரா.

ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டானாயினும் மாணாக்கன் அடைவது காற்கூறே என்பதும், உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறும், தான் பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் வாய்க்குமென்பதும் நன்னூலின் கணக்கு. அவ்வரைக்கூறு வாய்க்கவேண்டின் பாவை வாய்திறத்தல் வேண்டும். வெண்கட்டியை மாணாக்கன் கையிற் கொடுத்துவிட்டு, ஆசிரியன் சென்று கடைசி வாங்கில் அமரலாம். முன்னின்று பேசுங் குரல் அவ்விடத்தில் எவ்வாறு கேட்கின்றது என்பதும் அப்பொழுது அவனுக்குத் தெரியவரும்.