இராயனுடைய உருவமும் இறைவனுடைய சாயலும்
(பண்டை நாணயங்களும் நமது அருளுரைகளும்: ஒரு திறனாய்வு)

வரி செலுத்துவது பற்றிய வினா (மத். 22:15-22) நமது பிரசங்க பீடங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் திருமறைப் பகுதிகளுள் ஒன்றாகும். ஆயினும் அப்பகுதியின் நடுவே நிற்கும் நாணயத்தைக் கண்ணால் காணாமலே நாம் விளக்கி முடித்துவிடுகிறோம். ஆண்டவர் முதலில் நாணயத்தைக் காட்டுமாறு கேட்டார். அதிலுள்ள உருவத்தையும் எழுத்தையும் பற்றி வினவினார். அதன் பின்னரே தமது மறுமொழியைக் கூறினார். நாமோ பாராமலே மறுமொழி கூறப் பழகியுள்ளோம். இக்குறையைப் போக்கிக்கொள்ளும் வாய்ப்பு பிற நாட்டுப் போதகர் பலரைக் காட்டிலும் தமிழ்நாட்டுப் போதகர்க்கு மிகுதியாக உண்டு. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துவோரும் சில இடங்களில் சான்று சொல்லாததைச் சான்றின் வாயில் வைத்துவிடுகின்றனர். இவ்விரு நிலைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நம் மண் தந்த சான்று

கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை அகுஸ்து, திபேரியு ஆகிய இருவர் காலத்துத் தெனாரியங்கள். புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 உரோமப் பொற்காசுகள் வெளிப்பட்டன. சென்னை அரசு அருங்காட்சியகத்திலுள்ள உரோம, பைசாந்திய நாணயங்களுக்கு டி. ஜி. அரவமுதன் விரிவான பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகை மணலினின்று எடுக்கப்பட்ட காசுகளைப் பல்லாண்டுகள் தேடித் தொகுத்தவர், 'தினமலர்' நாளிதழின் ஆசிரியராயிருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக் காசுகள் பற்றி 1994இலும், கரூரில் கிடைத்த உரோமமல்லாத பண்டை அயல்நாட்டுக் காசுகள் பற்றி 2000இலும் அவர் ஆங்கிலத்தில் நூல்கள் வெளியிட்டார்.

காரைக்கால் கரையில் பணிபுரிவோர்க்கு இப்பொருள் அயலானதன்று. வடக்கே காவிரிப்பூம்பட்டினமும் தெற்கே நாகப்பட்டினமும் பண்டைத் துறைமுகங்கள். நமது ஒன்றியப் பகுதியின் தலைநகரையொட்டிய அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலிய நாட்டுச் செந்நிற மெருகுக் கலங்களைக் கொண்டே அவ்வூரின் காலத்தைக் கணித்தார். மிளகுக்கும் துணிக்கும் முத்துக்கும் ஈடாக உரோமச் செல்வம் கிழக்கே வந்தது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்சுகளை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று மூத்த பிளினி குறைபட்டுக்கொண்டது அறிஞர் அறிந்ததே.

இத்தொகுப்புகளின் பெருமையைக் கூறும்போதே அவற்றின் குறையையும் கூறுதல் வேண்டும். ஆற்று மணலைச் சலித்தெடுத்த காசு, வணிகர் கைமாறித் தொகுப்பாளரிடம் வந்து சேரும்போது, அது எந்த அடுக்கில், எந்தப் பொருள்களுடன் கிடந்தது என்னும் செய்தி அழிந்துபோகிறது. தொகுப்பாளர் வாங்காதிருந்தால் அக்காசு பொற்கொல்லரின் மூசையில் உருகியிருக்கும் என்பதும் மெய்யே. ஆகவே கிருஷ்ணமூர்த்தி போன்றோர் ஆற்றிய பணி நன்றிக்குரியது; எனினும் அது அகழாய்வுக்கு ஈடாகாது. 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். சபையாரில் ஒருவர் உழும்போதோ கிணறு தோண்டும்போதோ காசுப் பானையொன்றைக் கண்டால் அவருக்கு இவ்வறிவுரையைக் கூறுவதும் ஆயரின் கடமையே.

2. பார்த்தால் தெளிவாகும் இரண்டு

சுவிசேஷகர் எவரும் அந்நாணயத்திலிருந்த அரசனின் பெயரைக் கூறவில்லை. எனினும் அக்காலத்துக்கு மிகப் பொருந்துவது திபேரியுவின் தெனாரியமே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. அதன் ஒருபுறம் வாகைமாலை சூடிய தலை. சுற்றிலும், தெய்வீக அகுஸ்துவின் மகனாகிய திபேரியு சீசர் அகுஸ்து என்னும் பொருளுடைய எழுத்து. மறுபுறம், செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். உடன், தலைமைக் குரு என்னும் பட்டம். ஆகவே அது வெறும் வரிக்காசு அன்று. அரசன் தெய்வத்தின் மகன் என்றும், அவனே மக்களின் பெருங்குரு என்றும் அறிக்கையிடும் ஒரு சிறு விசுவாசப் பிரமாணம் அது. 'இது அரசியல், அது ஆன்மீகம்' என்று வாழ்வை இரு அறைகளாகப் பிரித்துக் காட்ட இப்பகுதியைப் பயன்படுத்துவோர் இந்நாணயத்தை ஒருமுறை உற்று நோக்குவாராக. அவ்விரண்டையும் அரசனே ஒரே உலோகத்தில் கலந்து அடித்திருக்கிறான்.

இரண்டாவது, காசுக்காரர் பலகைகள் கவிழ்க்கப்பட்ட நிகழ்ச்சி. 'உரோமக் காசில் விக்கிரக உருவம் இருந்தமையால் அதை உருவமற்ற தூய காசாக மாற்றவே அவர்கள் அமர்ந்திருந்தனர்' என்று ஞாயிறு பள்ளி முதல் ஆலய மேடை வரை கூறப்படுகிறது. இவ்விளக்கம் நாணயத்தைக் கண்டால் நில்லாது. ஆலய வரிக்கு ஏற்கப்பட்டது தீரு பட்டணத்து வெள்ளிக் காசு. அதன் ஒருபுறம் தீருவின் தெய்வமாகிய மெல்கார்த்தின் தலை, மறுபுறம் கழுகு. புறத்தெய்வத்தின் முகமே அதில் இருந்தது! அது ஏற்கப்பட்டதன் காரணம் வெள்ளியின் தூய்மையும் எடையின் உறுதியுமே. உருவத்தை வெறுத்தவர்கள் நல்ல வெள்ளிக்காக உருவத்தைப் பொறுத்துக்கொண்டனர் என்பது எவ்வளவு கூர்மையான செய்தி! நமது வழக்கமான விளக்கம் அக்கூர்மையை மழுக்கி, யூதரின் சடங்கு நுணுக்கத்தைக் குறைகூறும் எளிய கதையாக அதை ஆக்கிவிடுகிறது.

3. மொழிபெயர்ப்பு தந்ததும் எடுத்துக்கொண்டதும்

நமது பழைய மொழிபெயர்ப்பு சீசரை 'இராயன்' என்றும் தெனாரியத்தைப் 'பணம்' என்றும் வழங்கிற்று. விசயநகர இராயரின் ஆட்சியை அறிந்த மக்களுக்கு இச்சொல் உடனே விளங்கியிருக்கும். பணம் என்பதும் இன்றுபோல் பொதுச்சொல்லாக மட்டும் இராமல், குறிப்பிட்டதொரு சிறு நாணயத்தின் பெயராய் இருந்தது; பிரெஞ்சுக்காரரும் புதுச்சேரிக்கென வெள்ளிப் பணங்களை அடித்தனர். ஆகவே மொழிபெயர்ப்பாளர் நிகழ்ச்சியை நம் கடைத்தெருவுக்கே கொண்டுவந்தனர் எனலாம்.

ஆனால் ஓர் இழப்பும் உண்டு. இராயரின் காசுகளில் பெரும்பாலும் தெய்வ உருவங்களே காணப்படும். அரசனின் முகம் இராது. தரங்கம்பாடியில் டேனியர் அடித்த காசுகளில் அரசனின் பெயரெழுத்துகளே பின்னப்பட்டிருந்தன. காரைக்காலுக்கென அடிக்கப்பட்ட சிறு செப்புக் காசில் ஒருபுறம் புதுச்சேரி, மறுபுறம் காரைக்கால் எனத் தமிழெழுத்து மட்டுமே உண்டு. உரோமக் காசைப் பின்பற்றித் தலையுருவம் பொறித்த மாக்கோதை என்னும் சேரனின் வெள்ளிக் காசு போன்றவை நம் மரபில் அரியன. எனவே 'காசில் அரசனின் முகம்' என்பது அக்காலத்து நம் மக்களின் கண்முன் எளிதில் தோன்றியிராது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. கிரேக்கத்தில் நாணயத்தின் உருவத்தைக் குறிக்கும் 'ஐக்கோன்' என்னும் சொல்லே, எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் 1:26இல் மனிதன் படைக்கப்பட்ட இறைச்சாயலையும் குறிக்கிறது. இத்தொடர்பைப் பற்றிக்கொண்டே, காசிலுள்ள சீசரின் உருவம் சீசருக்கு, மனிதனிலுள்ள இறைவனின் உருவம் இறைவனுக்கு என்னும் கருத்தைத் தெர்த்துல்லியன் எழுதினார். பழைய மொழிபெயர்ப்பிலோ மத்தேயுவில் 'சுரூபம்' என்றும் ஆதியாகமத்தில் 'சாயல்', 'ரூபம்' என்றும் வருதலால், சுரூபம் என்னும் சொல்லைக் கேட்பவர் நினைவு படைப்பின் பக்கம் செல்லாமல், விலக்கப்பட்ட சொரூபத்தைக் கூறும் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தின் பக்கமே எளிதில் செல்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ஈரிடத்தும் உரு, உருவம் என்னும் சொற்களை ஆண்டு இத்தொடர்பை மீட்டுத் தந்துள்ளது. எதனைச் சபையில் வாசிப்பினும், பிரசங்கி இத்தொடர்பை எடுத்துக்காட்டத் தவறலாகாது.

4. வெட்டப்பட்ட முகங்கள்

கருக்காக்குறிச்சிப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் அரசனின் தலைமீது உளியால் வெட்டப்பட்டுள்ளது. 'தமிழன் சீசரின் உருவத்தை மறுத்தான்' என்று முழங்க இது நல்ல செய்தியாகத் தோன்றலாம். அவ்வாறு முழங்க நமக்கு உரிமையில்லை. அக்காசு இனி நாணயமாக வழங்கலாகாது, பொன்னாகவே நிறுக்கப்பட வேண்டும் என்பதற்காக வெட்டினர் என்பதே நாணயவியலார் பலர் கூறும் விளக்கம். வேறு சில பொற்காசுகளோ துளையிடப்பட்டும் வளையம் பொருத்தப்பட்டும் அணிகலன்களாயின. ஒருவர் கையில் வெட்டுண்ட முகம் இன்னொருவர் கழுத்தில் அழகாயிற்று. உருவத்தின் பொருள் அதை அடித்தவனோடு முடிவதில்லை. அதை ஏற்பவர் கையிலும் அது மாறுகிறது. பிரசங்கத்துக்கு இந்த உண்மையே போதும். வீர முழக்கம் வேண்டா.

5. சிலுவையும் சிறைப்பட்டவனும்

தென்னாட்டிலும் இலங்கையிலும் கிடைக்கும் பிற்கால உரோமச் செப்புக் காசுகளில் சிலுவைக் குறியும் கிறிஸ்துவின் பெயரெழுத்துக் குறியும் காணப்படுகின்றன. இவற்றைக் கண்டு, 'நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளிலேயே நற்செய்தி இங்கு வேரூன்றியதற்குச் சான்று' எனச் சிலர் மகிழ்கின்றனர். காசு வணிகத்தின் சான்று. அதைக் கையில் வாங்கியவரின் விசுவாசத்துக்கு அது சான்றாகாது. திபேரியுவின் தெனாரியம் கொங்கு நாட்டில் கிடைத்தமையால் கொங்கர் திபேரியுவை வழிபட்டனர் என்று நாம் கூறுவோமா?

ஆயினும் இக்காசுகள் நம்மிடம் கேட்கும் வினா இதனினும் கடுமையானது. 388ஆம் ஆண்டு முதல் அடிக்கப்பட்ட ஒரு வகைச் செப்புக் காசின் பின்புறத்தை நோக்குக. வெற்றித் தேவதை தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்து, சிறைப்பட்டவன் ஒருவனை இழுத்துச் செல்கிறாள். 'குடியரசின் நலம்' என்பது அதன் எழுத்து. அருகே, வெற்றிடத்தில், கிறிஸ்துவின் குறி! முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எருசலேமை அழித்த வெஸ்பாசியன், வெற்றிச் சின்னத்தின் கீழ் அழுதமர்ந்த யூதேயாவை ஒரு பெண்ணாகத் தன் காசில் பொறித்தான். இடையில் அரசர் கிறிஸ்தவராயினர், குறி மாறியது, சிறைப்பட்டவன் மட்டும் அங்கேயே இருக்கிறான். சிறைப்பட்டவர்க்கு விடுதலை கூற வந்தவரின் பெயர், சிறைப்பட்டவனை இழுத்துச் செல்பவளின் அருகே பொறிக்கப்பட்டுள்ளது. திருச்சபை அதிகாரத்தோடு உறவுகொண்ட காலங்களைக் குறித்து ஒரு நூல் முழுவதும் கூறுவதை விரல் நுனியளவுள்ள இச்செப்புத் துண்டு கூறிவிடுகிறது. டேனியரும் பிரெஞ்சுக்காரரும் கப்பலேறி வந்த இக்கரையில் நின்று போதிப்போர் இதனை மறக்கலாகாது.

முடிவாக

நாணயவியல் நூல்கள் உருவத்தை வகைப்படுத்துகின்றன. எடையையும் எழுத்தையும் பதிவு செய்கின்றன. அதற்கு மேற்பட்டதை அவற்றிடம் எதிர்பார்த்தல் முறையன்று. அவ்வுருவம் மனிதரைப் பற்றி என்ன கூறுகிறது என்று கேட்பது இறையியலாரின் வேலை. திராட்சத் தோட்டத்து உவமையில் தெனாரியம் ஒரு கூலியாளின் நாட்கூலி (மத். 20:2). மாலையில் அவன் உள்ளங்கையில் வைக்கப்பட்டது அரசனின் முகம். அதை வாங்க நீண்ட கையோ இறைவனின் சாயலைத் தாங்கியது. இவ்விரு உருவங்களுள் எது பெரிது என்பதே ஆலயத்தில் அன்று எழுந்த வினாவின் ஆழம். நம் நெல்வயல்களிலும் மீன்பிடித் துறைகளிலும் இன்று கூலி எண்ணப்படும்போதும் அவ்வினா எழுகிறது. காசைக் காட்டுங்கள் என்று கேட்டவர், அதை ஏந்திய கையையும் பார்க்குமாறு நம்மை அழைக்கிறார். நாணயத்தைச் சரியாகப் பார்க்கக் கற்ற பிரசங்கி அக்கையையும் சரியாகப் பார்ப்பார் என்று நம்புவோமாக.