பைத்தான் 3.எக்ஸ்: பாடநூலில் விடுபட்ட ஒரு பக்கம்

மேல்நிலை இரண்டாம் ஆண்டுக்கான தமிழ்நாடு அரசின் கணினி அறிவியல் நூல் 2019ஆம் ஆண்டில் புதிய பாடத்திட்டப்படி வெளிவந்தது. அதன் 16 பாடங்களுள் பாதிக்கு மேற்பட்டவை பைத்தான் நிரல்மொழிக்கு உரியவை. உலகெங்கும் வழங்கும் ஒரு மொழியைத் தமிழ்வழி மாணவர் தம் மொழியிலேயே கற்க வழிசெய்தது பாராட்டத்தக்கது. செயற்கூறு, வரையெல்லை பற்றிய விளக்கங்கள் எளிதில் பழையன ஆகா.

ஆயினும் ஒரு குறை உண்டு. எந்தப் பதிப்பு என்ற வினாவுக்கு '3.எக்ஸ்' என்பதே நூல் தரும் விடை. அந்த எக்ஸின் மதிப்பு என்ன?

2020 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் பைத்தானின் புதிய பதிப்பு வெளிவருகிறது. 2020இல் 3.9, 2025இல் 3.14. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுகளே திருத்தங்கள் கிடைக்கும்.

இதனால் மாணவருக்கு என்ன? ரிச்சி தெருவில் வாங்கிய பழைய விண்டோஸ் 7 கணிப்பொறி தாம்பரத்து வீடொன்றில் இருப்பதாகக் கொள்வோம். அதில் இயங்கும் கடைசிப் பதிப்பு 3.8. 'மேட்ச்' என்னும் கூற்று 2021இல் வந்த 3.10இல்தான் சேர்ந்தது. கல்லூரி ஆய்வகத்தில் அதைக் கொண்டு எழுதிய நிரல் வீட்டில் 'தொடரியல் பிழை' என்று நின்றுவிடும். மாணவர் தம் அறிவையே ஐயுறுவார். பிழை அவருடையதன்று.

எண்களிலும் ஒரு பொறி உள்ளது. கணக்கில் 3.10 என்பது 3.9ஐவிடச் சிறியது, பதிப்பு வரிசையிலோ அடுத்தது. இங்குள்ள புள்ளி தசமப் புள்ளியன்று. முதலெண் மாறினால் பழைய நிரல்கள் இயங்காமற் போகலாம். 2008இல் 2இலிருந்து 3க்கு மாறியபோது அதுவே நேர்ந்தது. இரண்டாம் எண் ஆண்டுப் பதிப்பையும், மூன்றாம் எண் திருத்தத்தையும் குறிக்கும்.

அச்சிட்ட நூல் ஆண்டுதோறும் மாற இயலாது, மாறவும் வேண்டியதில்லை. எண்களைப் படிக்கும் முறை, பைத்தான் அமைப்பே வெளியிடும் கால அட்டவணையைப் பார்க்கும் வழி, ஐடிஎல்இ திறந்ததும் முதல் வரியில் தோன்றும் பதிப்பெண் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் சொல்லிவிடலாம். இயற்பியல் பதிவேட்டில் கருவியின் மீச்சிற்றளவைக் குறிப்பது போல, ஒவ்வொரு நிரலின் தலைப்பிலும் பதிப்பெண்ணை எழுதும் பழக்கத்தையும் அப்பக்கம் கற்பிக்கலாம். அடுத்த பதிப்பில் அதைச் சேர்த்தால் நூலின் ஆயுள் நீளும்.