அக்காவும் தங்கையும்

மீன்சுருட்டியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் அக்கா தங்கை போலும். என் மடியில் ஷில்பா ராஜ் ஆங்கிலத்தில் எழுதிய சுயசரிதம், 'தி எலிஃபெண்ட் சேஸர்ஸ் டாட்டர்' (2017). தகப்பனாருக்கு யானை விரட்டும் வேலை.

கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஆப்ரஹாம் ஜார்ஜ் 1997-ல் ஆரம்பித்த சாந்தி பவன், ஏழைக் குழந்தைகளைச் சிறு வயதிலேயே இலவச விடுதியில் சேர்த்துக்கொள்கிறது. வெளிநாட்டுத் தொண்டர்களும் வந்து பாடம் சொல்லுகிறார்கள். ஆனால் குடும்பத்துக்கு ஒரு குழந்தைதான்! கதையே இந்த விதியில்தான் இருக்கிறது. ஷில்பா சேர்ந்தாள்; தங்கை ஊரிலேயே இருந்தாள், சிறுமியாகவே இறந்தும் போனாள்.

பள்ளியின் பெருமை பேசும் பக்கங்கள் எனக்கு அலுத்தன. தங்கையைப் பற்றி எழுதும்போது மட்டும் பேனா நடுங்குகிறது. நன்றி எது, குற்ற உணர்ச்சி எது என்று பிரிக்க முடியவில்லை. நானாயிருந்தால் தங்கையின் வாயால் சொல்ல வைத்திருப்பேன். ஆனால் எழுதும் வாய்ப்பு அக்காவுக்குத்தானே கிடைத்தது?