ராமநாதபுரம் கரையில் கார் வழிகாட்டி: எதை வாங்குவது, எதை நம்புவது

ராமேஸ்வரம் போக வழிகாட்டிக் கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மதுரையை விட்டால் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் என்று ஒரே சாலை, தேசிய நெடுஞ்சாலை 87. தீவுக்குள் கார் நுழைய 1988 அக்டோபர் 2-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த இந்திரா காந்தி பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது. தவறிப் போக நினைத்தாலும் முடியாது. எல்லாம் சரிதான், ஆனால் மாவட்டம் அந்த ஒரு சாலையோடு முடிந்துவிடவில்லை. உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, சேதுக்கரை, தேவிபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம், காரங்காடு என்று நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பாருங்கள். கண்மாய்க் கரை, உப்பளம், சீமைக்கருவேலங்காடு. ஒரு திருப்பத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நடுப்பகலில் வழி கேட்க ஆளும் கிடைக்காது.

இந்தக் கரையில் மூன்று வகைக் கருவிகளை மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தேன். காரின் திரையிலேயே வரைபடத்தோடு வருவது ஒன்று. முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் பழைய தனிக்கருவி ஒன்று. மூன்றாவது, எல்லோர் கையிலும் இருக்கும் கைபேசி. அதைத் தாங்கியில் பொருத்தியும், ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியாகக் காரின் திரையில் ஏற்றியும் பார்த்தேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி எந்த வகையாக இருந்தாலும் சரி, வரைபடத்தைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறதா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. போகப் போக இணையத்திலிருந்து வரைபடத்தை வாங்கிக் காட்டும் கருவி பாம்பன் வரை போதும். அதற்கப்பால் போதாது.

காரணத்தைச் சொல்ல, செயற்கைக்கோளின் வேலையையும் வரைபடத்தின் வேலையையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தங்கள் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. நான்கு கோள்களின் குரல் கேட்டால் போதும், கருவி தன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இதற்கு சிம் கார்டு வேண்டாம், டேட்டா வேண்டாம், காசும் வேண்டாம். பொதுமக்களுக்கான அலைவரிசையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்திய பிறகு, திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைபேசியே ஐந்து மீட்டர் ஆரத்துக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. மலை இல்லை, மாடிக் கட்டடம் இல்லை, ராமநாதபுரம் கடற்கரை போல வானம் திறந்துகிடக்கும் இடம் தமிழ்நாட்டில் குறைவு. ஆகவே ‘நீ எங்கே இருக்கிறாய்’ என்பதில் இங்கே கருவி தவறுவது அபூர்வம். தவறு நேர்வதெல்லாம் ‘அங்கே சாலை இருக்கிறதா’ என்பதில்தான். அதைச் சொல்வது செயற்கைக்கோள் அல்ல, யாரோ வரைந்து வைத்த வரைபடம்.

தனுஷ்கோடியில் இந்த வேறுபாடு கண்ணெதிரே தெரியும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மணல் தடம்தான். ஜீப்பும் வேனும் மட்டுமே போகும். அரிச்சல்முனை வரையிலான சுமார் 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை 2017 ஜூலையில் திறக்கப்பட்டது. நான் வைத்திருந்த தனிக்கருவியின் வரைபடம் அதற்கு முந்தையது. சத்திரம் தாண்டியதும் திரையில் கார் வெட்டவெளியில் மிதக்கத் தொடங்கியது. சாலைக்குத் திரும்பும்படி குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் மிகச் சரியாக இருந்தன. வரைபடத்துக்குத்தான் அந்தச் சாலை தெரியவில்லை.

இணையத்தை நம்பும் செயலி அதே இடத்தில் வேறு விதமாகக் கைவிட்டது. தீவின் முனையை நெருங்க நெருங்க நம் நெட்வொர்க் மெலிகிறது. சில நேரம் கைபேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி அனுப்புகிறது. ரோமிங் அணைந்திருந்தால் டேட்டா வராது. அணையாமல் இருந்தால் கட்டணம் பயமுறுத்தும்; ஆகவே அணைத்துவைப்பதே சரி. அப்போது திரையில் சாம்பல் நிறக் கட்டங்களும் நடுவே ஒரு நீலப் புள்ளியும்தான் மிஞ்சும். முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைத்த கைபேசியில் அதே இடத்தில் சாலையும், இருபுறக் கடலும், இடிந்த தேவாலயமும், முனையின் வட்டமும் பிசகில்லாமல் தெரிந்தன. கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியைத் தேர்ந்து இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அது காலாவதியாகும், அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை மொத்தமாகக் கைபேசிக்குள் வைத்துக்கொள்பவை. போக்குவரத்து நெரிசல் அவற்றுக்குத் தெரியாது. தனுஷ்கோடிச் சாலையில் அது ஒரு குறையே அல்ல.

இன்னொன்று. டேட்டா இல்லாத இடத்தில் கைபேசியை அணைத்துப் போட்டால் முதல் இடக்கணிப்புக்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வழக்கமாகக் கோள்களின் இருப்பிடக் குறிப்பை இணையம் ஒரு நொடியில் தந்துவிடும். இணையம் இல்லாதபோது கோளிடமிருந்தே அதைக் கேட்டு வாங்க வேண்டும், அது வருவது விநாடிக்கு 50 பிட் வேகத்தில். அரை நிமிடமாவது ஆகும். ராமேஸ்வரம் ஊருக்குள்ளேயே வழிகாட்டலைத் தொடங்கிவிட்டு தெற்கே திரும்புவது நல்லது.

ஊர்ப் பெயரைத் தேடுவதிலும் இந்த மாவட்டம் ஒரு தேர்வு வைக்கிறது. ஏர்வாடி என்று தட்டினால் தர்கா இருக்கும் ஏர்வாடியும் வரும், திருநெல்வேலி மாவட்டத்து ஏர்வாடியும் வரும். ராமநாதபுரம் என்றால் கோயம்புத்தூரின் ராமநாதபுரமும் வரிசையில் நிற்கும். மதுரையிலிருந்து கிளம்பும்போது முதலில் வந்த தவறான ஏர்வாடியைத் தொட்டுவிட்டால் கார் தெற்கே நாகர்கோவில் சாலையைப் பிடித்துவிடும். தேர்ந்தெடுத்ததும் மொத்த வழியையும் ஒருமுறை திரையில் சுருக்கிப் பாருங்கள். கோடு கிழக்கே கடலை நோக்கிப் போகிறதா என்று பார்த்தாலே போதும். மேப்மைஇந்தியாவின் மேப்பில்ஸ் செயலியில் ஒவ்வொரு இடத்துக்கும் ஆறெழுத்துக் குறியீடு உண்டு. கடற்கரைக் கிராமங்களில் தங்குபவர்கள் விடுதிக்காரரிடம் அதையோ, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையோ கேட்டு வாங்கிக்கொண்டால் பெயர்க் குழப்பமே எழாது. வேகத்தடை, பள்ளம், வளைவு ஆகியவற்றை முன்கூட்டிச் சொல்வதும் மேப்பில்ஸின் நல்ல குணம்.

நான் மிகவும் கவலைப்படும் விஷயம் குறுக்குவழி. வேகமான வழியைத் தேடும் செயலிக்குக் கண்மாய்க் கரையும் ஒரு கோடு, தார்ச்சாலையும் ஒரு கோடு. உத்தரகோசமங்கையிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கியபோது ஒரு செயலி சில கிலோமீட்டர் மிச்சம் பிடிக்கக் காட்டிய பாதை, இரு பக்கமும் கருவேல முள் மூடி, திரும்ப இடமில்லாத கரைத்தடத்தில் போய் நின்றது. கோடையில் அது டயர் பஞ்சரோடு முடியும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகி கலுங்கு வழியும்போது அப்படி முடியாது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, ராம்கங்கை ஆற்றின் மேல் முழுமையடையாத பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வரைபடம் காட்டிய வழியை நம்பி வந்தவர்கள் என்றே செய்திகள் கூறின. ஆர்கானிக் மேப்ஸிலும் ஆஸ்மேண்டிலும் மண் சாலையைத் தவிர்க்கச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. இந்த மாவட்டத்துக்கு வருகிறவர்கள் அதைப் போட்டுவிட்டே வண்டியை எடுக்க வேண்டும். இரவில் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

தமிழ்க் குரல் இப்போது நன்றாகவே இருக்கிறது. ஆனால் சாலை எண்ணைச் சொல்லி வழிகாட்டுவதால் பயன் குறைவு. இங்கே யாரும் 87 என்று சொல்வதில்லை. மதுரை ரோடு, ராமேஸ்வரம் ரோடு, கீழக்கரை ரோடு என்பார்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐபோனை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி அதன் நிறுவனமே சொல்கிறது. சித்திரையில் ராமநாதபுரத்தின் நிழலே அதைத் தாண்டும். முன்கண்ணாடியில் ஒட்டிய கைபேசி முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், அப்புறம் அணைந்தே போகும். உறிஞ்சுகப்பும் சூட்டில் இளகி விழும். உப்புப் படிந்த கண்ணாடியில் ஒட்டவும் செய்யாது. ஏசி துவாரத்தில் மாட்டும் தாங்கிதான் இங்கே சரி. குளிர்காற்று கைபேசியின் முதுகில் படும், பார்வையும் சாலையை விட்டு அதிகம் விலகாது. அரிச்சல்முனையில் காரை விட்டு இறங்கி நின்றால் உப்புக்காற்று சார்ஜர் துளைக்குள்ளும் போகும். திரும்பி வந்ததும் துடைக்காமல் வயரைச் சொருக வேண்டாம். சட்டப்படியும் கைபேசியைக் கையில் பிடித்து ஓட்டக் கூடாது. 2020 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் கைபேசியை அனுமதிக்கிறது.

வழிகாட்டிக் கருவியை இந்தக் கரையில் மிக நன்றாகப் பயன்படுத்துபவர்கள் கார் ஓட்டுகிறவர்கள் அல்ல, மீனவர்கள். ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் விசைப்படகுகளில் ஜிபிஎஸ் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. முன்பு கரையில் தெரியும் பனைக்கூட்டம், கோபுரம், கலங்கரை விளக்கம் ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர்கோட்டில் பிடித்துக் கடலடிப் பாறையையும் வலை கிழிக்கும் இடத்தையும் நினைவில் வைத்தார்கள். இன்று அதே இடங்களைக் கருவியில் புள்ளிகளாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். கடலில் சாலை இல்லை, ஆகவே அவர்களுடைய கருவியில் முதன்மையானது எல்லைக்கோடு. பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தம் ஆறு புள்ளிகளை இணைத்து அந்தக் கோட்டை இழுத்தது. மன்னார் வளைகுடாவுக்கு 1976-ல் இன்னொன்று வந்தது. கோடு அலையில் தெரியாது, திரையில்தான் தெரியும். அதைக் கடந்ததாகச் சொல்லி எத்தனை பேர் சிறைப்பட்டிருக்கிறார்கள் என்பது இந்தக் கரையில் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய கதை. கரையை விட்டு வெகுதூரம் போகும் படகுகளுக்கு மீன்வள, புயல் எச்சரிக்கைகளைச் செயற்கைக்கோள் வழி கொண்டுசேர்க்க, கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தன.

கார்க்காரர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்: சொந்தப் புள்ளிகள். செயலி தரும் இடங்களோடு நின்றுவிடாமல் நான் என் கைபேசியில் நானே பதிந்து வைத்திருக்கிறேன். ராமேஸ்வரத்தில் கூட்ட நாளிலும் கார் நிறுத்த முடிகிற மைதானம், சாயல்குடிச் சாலையில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் பஞ்சர் கடை, தனுஷ்கோடிச் சாலையில் கச்சான் காற்று மணலைக் கொண்டுவந்து குவிக்கும் வளைவுகள். இவை எந்த நிறுவனத்தின் வரைபடத்திலும் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பொதுவான இடங்களை நாமே சேர்க்கவும் முடியும், அடுத்து வருகிறவருக்கும் அது உதவும்.

இனி வாங்குவது. காரின் திரையில் வரைபடத்தோடு வரும் அமைப்புக்காக மட்டும் விலை கூடிய ரகத்துக்குப் போக வேண்டாம். திரை பெரியது, ஒலி தெளிவு, வெயிலுக்கும் அஞ்சாது. ஆனால் வரைபடத்தைப் புதுப்பிக்கக் கட்டணமும் அலைச்சலும் உண்டா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ இருக்கும் சாதாரணத் திரை போதும். தனிக்கருவி இன்று பழைய சந்தையில்தான் மலிவாகக் கிடைக்கிறது. வரைபடம் புதுப்பிக்கப்படுமா என்பதற்கு விடை இல்லாவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் பயனில்லை. கைபேசி வாங்குவதாக இருந்தால் எல்1, எல்5 என இரு அலைவரிசையையும் பிடிப்பதா என்று பாருங்கள். ராமேஸ்வரம் கோயில் மதிலையொட்டிய நெருக்கமான தெருக்களில் எதிரொலிக்கும் சமிக்ஞையால் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுவதை அது குறைக்கும்.

நம் நாட்டின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள் ஏற்பாடான நாவிக்கின் பெயரைப் பெட்டியில் பார்த்தால் மகிழலாம், அதற்காக மட்டும் வாங்கக் கூடாது. 2013-ல் முதல் செயற்கைக்கோளை ஏவி இஸ்ரோ கட்டியெழுப்பிய இந்த ஏற்பாடு நம் நாட்டுக்குத் தேவையானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. முதல் தலைமுறைக் கோள்களில் சிலவற்றின் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 உள்நாட்டு ருபீடியம் கடிகாரத்தோடு போய் நன்றாக அமைந்தது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. எனவே இப்போதைக்கு ஜிபிஎஸ், கலிலியோ போன்ற வெளிநாட்டு ஏற்பாடுகளோடு சேர்ந்தே நாவிக்கும் கணக்கில் வரும். இன்னொரு எச்சரிக்கை: வாடகை வண்டிகளில் பொருத்தும் கண்காணிப்புக் கருவியை வழிகாட்டி என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி இருக்கும் இடத்தை அது மற்றவருக்குச் சொல்லும், நமக்கு வழி சொல்லாது.

பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையிலான 46.7 கிலோமீட்டரை நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. வேலை நடக்கும் காலமெல்லாம் மாற்றுப்பாதைகளும், முடிந்தபின் புதிய புறவழிகளும் வரும். ராமேஸ்வரம் கிளம்புகிறவர்கள் முந்தின இரவு வீட்டு வைஃபையிலேயே, மானாமதுரையிலிருந்து அரிச்சல்முனை வரையும் தெற்கே சாயல்குடி வரையும் உள்ள பகுதியைப் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.