பூட்டு இடம் மாறிய கதை

அத்திப்பட்டு புதுநகர் ரயில் நிலையத்தில் சென்ட்ரல் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு மாலையில் என் மாணவி தன் கைபேசியை என்னிடம் நீட்டினாள். ஓர் ஆய்விதழிலிருந்து செய்தி வந்திருந்தது. கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, 3,500 ரூபாய் செலுத்தினால் அடுத்த இதழில் வெளிவரும், சான்றிதழ் தனியாக அனுப்பப்படும். கட்டுரையை முந்தைய நாள் இரவுதான் அவள் அனுப்பியிருந்தாள். இருபத்திரண்டு பக்கம். எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் பாடல்களைப் பற்றியது. இதை யார் படித்தார்கள் என்று கேட்டேன். "யாரும் படிச்சிருக்க மாட்டாங்க மேடம். காசு கட்டிட்டா ரெண்டு நாள்ல சர்டிபிகேட் வந்துடும்னு சீனியர் அக்கா சொன்னாங்க" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அந்தப் பாடல்களில் பாதி அவளுடைய அம்மாவும் பாட்டியும் பாடியவை. இடுப்பளவு நீரில் நாள் முழுதும் நின்று வேலை செய்கிற பெண்கள் பைசா வாங்காமல் பாடிக் கொடுத்தார்கள். அதைக் கேட்டு, எழுதி, வகைப்படுத்தி, விளக்கம் சொன்னவள் மகள். அவளுக்கும் யாரும் எதுவும் தரவில்லை. இடையில் ஒரு வலைத்தளமும் ஒரு வங்கிக் கணக்கும் வைத்திருப்பவருக்கு மட்டும் 3,500 ரூபாய். பாடியவளுக்கும் எழுதியவளுக்கும் கூலியில்லாத ஒரு தொழிலில், வாசலில் நிற்பவருக்கு மட்டும் எப்படி வருமானம் வருகிறது? ஆய்விதழ்களின் அரசியலை நான் இந்தக் கேள்வியிலிருந்துதான் படிக்கத் தொடங்கினேன்.

தமிழ் ஆய்விதழ்கள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதன் இதழாகச் 'செந்தமிழ்' வந்தது. 1923இல் 'செந்தமிழ்ச் செல்வி', 1925இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' என்று ஒரு மரபு தொடர்ந்தது. சங்கமும் சந்தாதாரரும் புரவலரும் செலவைச் சுமந்தார்கள். சொல்லாராய்ச்சியும் பதிப்பாராய்ச்சியும் சண்டை சச்சரவும் அந்தப் பக்கங்களில் நடந்தன. முனைவர் பட்டத்துக்காக அவற்றின் பழைய தொகுதிகளை நான் புரட்டியிருக்கிறேன். அவற்றின் மீது எனக்கு மரியாதை உண்டு, ஏக்கம் இல்லை. நான் புரட்டிய தொகுதிகளில் பெண் பெயர்களைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே காசு கேட்கவில்லை. ஆனால் உள்ளே வரத் தேவையான கல்வியும் ஓய்வும் வீட்டு வேலையிலிருந்து விடுதலையும் வேறு யாரிடமோ இருந்தன. அதுவும் ஒரு பூட்டுதான்.

இன்றைய பூட்டு வேறு வகை. 2016ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மதிப்பீட்டு இதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட வேண்டும் என்றன. 2018இன் விதிகள் ஆசிரியர்களின் கட்டுரைகளுக்கு மதிப்பெண் வைத்தன: அறிவியல் என்றால் கட்டுரைக்கு 8, மொழி, கலைத் துறைகள் என்றால் 10. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இந்தக் கணக்கைக் கவனியுங்கள். தனியாக எழுதினால் நூறு. நெறியாளர் பெயரும் சேர்ந்தால் மொத்தம் நூற்று நாற்பது. மாணவி எழுதியதில் இரண்டாவது பெயர் ஏன் தானாக முளைக்கிறது என்பதற்கு ஒழுக்க விளக்கம் தேட வேண்டாம், அந்த விளக்கம் விதியிலேயே இருக்கிறது. அந்த இரண்டாவது பெயர் யாருடையது, முதல் பெயர் யாருடையது என்று நம் துறைகளின் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். பாலின அதிகாரம் அங்கே எழுத்துப் பிழையில்லாமல் அச்சாகியிருக்கும்.

கட்டாயம் வந்ததும் சந்தை வந்தது. அனுமதிக்கப்பட்ட இதழ்கள் என்று மானியக் குழு வைத்திருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. பிறகு 'கேர்' பட்டியல் வந்தது. அது வந்ததும் பட்டியலில் இருக்கும் இதழ்களின் பெயரிலேயே போலிகள் முளைத்தன. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலும் கைவிடப்பட்டு, தரத்தை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை 2022லேயே எடுத்துவிட்டார்கள் என்று என் மாணவியிடம் சொன்னேன். "தெரியும் மேடம். ஆனா நாளைக்கு இன்டர்வியூல எத்தன பேப்பர்னுதான கேப்பாங்க?" என்றாள். விதியை விட வழக்கத்துக்கு ஆயுள் அதிகம் என்பதைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த இதழ்கள் எல்லாம் தங்களைத் 'திறந்த அணுக்கம்' என்று அழைத்துக்கொள்வதுதான் வேதனை. அந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல பிறப்பு உண்டு. 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை வெளியானபோது அதன் கனவு எளிமையானது: ஆய்வுக் கட்டுரைகளை யாரும் காசில்லாமல் படிக்க வேண்டும். பன்னாட்டுப் பதிப்பகங்கள் அந்தக் கனவை எதிர்த்ததோடு நிற்கவில்லை. விலை போட்டு விற்றன. படிப்பவரிடம் வாங்கிய பணத்தை எழுதுபவரிடம் வாங்கத் தொடங்கின. 'நேச்சர்' இதழ் 2020 நவம்பரில், ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ என்று அறிவித்தது. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். லண்டனில் கேட்கப்படும் எட்டு லட்சமும் இங்கே வாட்ஸ்அப்பில் கேட்கப்படும் 3,500ம் ஒன்றல்ல. முன்னதில் உண்மையான மதிப்பீடு நடக்கிறது, பின்னதில் எதுவும் நடப்பதில்லை. ஆனால் இரண்டிலும் பூட்டு வாசகரின் கதவிலிருந்து எழுதுபவரின் கதவுக்கு இடம் மாறியிருக்கிறது. ஆய்வு நிதி உள்ளவர் அதைத் திறந்துகொள்வார். கௌரவ விரிவுரையாளராகவும் சுயநிதிக் கல்லூரியில் ஒப்பந்தத்திலும் வேலை பார்க்கிற பெண், தாலிக்கொடியையா அடகு வைப்பாள்?

பழைய பூட்டும் முழுதாகப் போய்விடவில்லை. அதற்கு எங்கள் ஊரே சாட்சி. வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலும் ஆலைக் கழிவும் சேர்ந்த எண்ணூர்க் கழிமுகத்தின் சேற்றில், நீரில், மீனில் என்னென்ன உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பல ஆண்டுகளாக ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பலவும் ஆங்கிலத்தில், பன்னாட்டு இதழ்களில், கட்டணத் திரைக்குப் பின்னால். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவியபோது, கறுத்த கைகளோடு நின்ற பெண்கள் இந்தத் தண்ணீரில் இறங்கலாமா என்றுதான் கேட்டார்கள். அவர்கள் நிற்கிற சேற்றைப் பற்றி எழுதப்பட்ட பக்கத்தைப் படிக்க மூவாயிரம் ரூபாய் கேட்கும் ஒரு திரையை நானே பார்த்திருக்கிறேன். காசு கட்டினாலும் அது அவர்கள் மொழியில் இருக்காது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்; 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள்; 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். அரசுக் கல்லூரியில் படிக்கும் ஏழைப் பெண்ணுக்கு இது உண்மையான வாசல், அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் இது பூட்டை உடைத்தல் அல்ல, சாவியை வாடகைக்கு எடுத்தல். சுயநிதிக் கல்லூரி மாணவி இதற்கு வெளியே நிற்கிறாள். படிப்பை முடித்து, திருமணமாகி, ஐந்து வருடம் கழித்து மறுபடி ஆய்வுக்குள் வர நினைக்கும் பெண்ணுக்கும் நிறுவனம் இல்லை, எனவே சாவி இல்லை. நம்மில் எத்தனை பேரின் ஆய்வு வாழ்க்கை அந்த இடைவெளிகளால் ஆனது!

தமிழில் வேறு வழி இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகமும் படிப்பவரிடமும் காசு கேட்கவில்லை, எழுதியவரிடமும் கேட்கவில்லை. நூல்கள் எரிக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு எண்ணிம நூலகம் என்ன பொருள் தரும் என்று யாழ்ப்பாணத் தோழிகளிடம் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் 'தன்னார்வம்' என்ற சொல்லின் முன் நான் கொஞ்சம் நின்றுதான் கடக்கிறேன். தட்டச்சு, மெய்ப்பு, சரிபார்ப்பு எல்லாம் உழைப்பு. கூலியில்லாத உழைப்பைப் பெண்ணிடம் அன்பின் பெயரால் வாங்கிப் பழகிய சமூகம் இது. கட்டணமற்ற இதழ் வேண்டும் என்று நாம் கேட்கும்போது, அதை நடத்துகிறவர்களின் நேரத்துக்கு ஊதியமோ பணிக்குறைப்போ வேண்டும் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்னொரு முடிச்சையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவளாக மாட்டேன். மாணவியின் பாட்டியிடம் ஒருநாள் போயிருந்தோம். எல்லாப் பாடல்களும் இணையத்தில் வரும், உலகமே படிக்கும் என்று பேத்தி பெருமையாகச் சொன்னாள். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எங்க மாமியாரப் பத்திப் பாடுனதுமாடி வரும்? அவங்க புள்ளைங்க இன்னும் இந்தத் தெருவுலதான இருக்குறாங்க." அதுவரை திறந்து வைத்தல் என்பதை முழு நன்மையாகவே நான் நினைத்திருந்தேன். ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில், ஆண்கள் காதுக்கு எட்டாத இடத்தில் பாடிய வசையை எல்லார் காதுக்கும் திறந்துவிட எனக்கோ அவளுக்கோ என்ன உரிமை? திறப்பதற்கு முன் கேட்க வேண்டும். சில கதவுகளை மூடி வைக்கும் உரிமை, அந்த வீட்டில் இருப்பவளுக்கு உண்டு.

அதனால் நான் கேட்பது மூன்று. ஒவ்வொரு தமிழ்த் துறையும் காசு வாங்காத, காசு கேட்காத ஓர் இதழைத் தன் பணியாக நடத்தட்டும். அதன் ஆசிரியர் குழுவில் பெண்கள் பெயரளவில் இல்லாமல் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கட்டும். ஓர் ஊரின் நீரையும் உடம்பையும் ஆராய்கிறவர்கள், அந்த ஊரின் மொழியில் இரண்டு பக்கமாவது எழுதி அங்கே கொடுக்கட்டும். பொது நிதி பெற்ற ஆய்வின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்ற கொள்கையை ஒன்றிய அறிவியல் துறைகள் 2014லேயே அறிவித்துவிட்டன. அதை நடைமுறைப்படுத்தக் கேட்பது சலுகை கேட்பதல்ல. மூன்றாவது, பாடியவளின் பெயரும் சம்மதமும் இல்லாத கட்டுரையை நாம் ஆய்வென்று ஏற்க மறுப்போம்.

என் மாணவி அந்த 3,500 ரூபாயைக் கட்டவில்லை. கட்டணம் கேட்காத ஓர் இதழுக்கு அனுப்பினாள். ஏழு மாதம் கழித்து, மூன்று பக்கக் குறிப்புகளோடு கட்டுரை திரும்பி வந்தது. சந்தத்தைப் பற்றி அவள் சொன்னது தவறு என்று யாரோ உட்கார்ந்து படித்து எழுதியிருந்தார்கள். அன்றைக்குத்தான் அவள் குரலில் கோபம் வந்தது. "அது எப்படி மேடம் தப்பாகும்? எங்க பாட்டி பாடுறத அவங்க வந்து கேக்கட்டும்" என்றாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இப்போது திருத்திக்கொண்டிருக்கிறாள். மாமியார் பாட்டு அதில் இல்லை.